நோடு ஏழை, சேகரிப்பான் பணக்காரன்

வாசகர் கேள்வி – பதில்

பரந்த நிலத்தில் ஆங்காங்கே நட்டுவைத்த வயர்லெஸ் சென்சார்களிடம் வண்டியிலோ டிரோனிலோ நடந்தோ போய்த் தரவை வாங்கிவருவது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. சென்சார், பேட்டரி, ரேடியோ, மெமரி எல்லாம் அடங்கிய பெட்டியை ‘நோடு’ என்றும், அதைத் தேடிப் போகும் கருவியைச் ‘சேகரிப்பான்’ என்றும் கீழே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 40 நோடுகள் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. ஒன்று மற்றொன்றுக்கு அனுப்பி, கடைசியில் ஓரிடத்தில் சேரும்படி வலை அமைக்கலாம் என்கிறார் ஒருவர். லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும், ஆனால் மெதுவான ரேடியோ முறை) கேட்வே, அதாவது எல்லா நோடுகளையும் கேட்கும் ஒரு நிலையம், வைத்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். ஆள் போய் எடுத்துவருவது காலத்துக்கு ஒவ்வாத வேலையா?

பதில்: ஒரு நாளில் ஒரு நோடு எத்தனை பைட் சேர்க்கிறது, அது உங்கள் கைக்கு வர எத்தனை நாள் பொறுக்கலாம் என்ற இரண்டு எண்களையும் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

லோராவில் எஸ்எஃப் என்ற எண் கூடக் கூடத் தொலைவு கூடும், வேகம் குறையும். தொலைவு வேண்டுமென்று எஸ்எஃப் 12 வைத்தால், 51 பைட் கொண்ட ஒரு பாக்கெட் காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 2.8 வினாடி. ஒரு மணி நேரத்தில் 1 சதவீதம்தான் ஒலிபரப்பலாம் என்ற விதி உள்ள அலைவரிசையில் உங்களுக்குக் கிடைப்பது 36 வினாடி. அதாவது 12 பாக்கெட், சுமார் 600 பைட். மண் ஈரம், வெப்பநிலை போன்றவற்றுக்கு இது தாராளம். அப்படியானால் கேட்வேயே வையுங்கள், அலைய வேண்டாம். ஆனால் மூன்று அச்சிலும் 16 பிட் துல்லியத்தில் வினாடிக்கு 100 முறை அதிர்வை அளக்கும் நோடு ஒன்று ஒரே வினாடியில் 600 பைட்டை உருவாக்கிவிடும். ஒரு வினாடியில் பிறந்ததை அனுப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றால் அந்த வழி நமக்கு உதவாது.

கைமாற்றி அனுப்பும் வலையில் சிக்கல் வேறு இடத்தில். 40 நோடுகள் சங்கிலிபோல் நின்றால், கடைசியில் நிற்பது தன் சுமையோடு மற்ற 39 பேரின் சுமையையும் தூக்குகிறது. முதலில் சாவதும் அதுதான். அது செத்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் ஊமை. சிதறிக் கிடக்கும் சென்சார்களுக்கு நடமாடும் சேகரிப்பான் என்ற யோசனையை ராகுல் ஷாவும் உடனிருந்தோரும் 2003இல் ‘டேட்டா மியூல்’ என்ற பெயரில் முன்வைத்தார்கள். மியூல் என்றால் பொதி சுமக்கும் கோவேறு கழுதை. அதே காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸீப்ராநெட் குழு கென்யாவின் எம்பாலா ஆய்வு மையத்தில் வரிக்குதிரைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டைகளைக் கட்டியது. விலங்குகள் அருகருகே வரும்போது பட்டைகள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ளும். ஆகவே சிலவற்றை வண்டியில் நெருங்கினாலே மற்றவற்றின் தரவும் கிடைக்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை தாமதம். வெள்ளம், தீ, வாயுக் கசிவு போன்றவற்றுக்கு இந்த முறை கூடவே கூடாது. பெருந்தரவைச் சேகரிப்பான் சுமக்கட்டும், ‘ஆபத்து’ என்ற பத்து பைட் மட்டும் லோராவில் போகட்டும் என்று இரண்டையும் சேர்த்து வைப்பது பல இடங்களில் சரியாக அமையும்.

கேள்வி: மாதம் ஒருமுறை இருசக்கர வாகனத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வருகிறோம். தொலைவு நன்றாக எட்டும் என்று லோரா மாட்யூல் போட்டோம். 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு, ஒரு பதிவு 16 பைட். பாதி நோடுகளின் தரவு அரைகுறையாகவே வருகிறது. ஏன்?

பதில்: எட்டும் தொலைவைப் பார்த்தீர்கள், ஒரு சந்திப்பில் எத்தனை பைட் கைமாறும் என்று பார்க்கவில்லை. கணக்கு போடுவோம்.

ஒரு நாளைக்கு 144 பதிவு, 2,304 பைட். 30 நாளைக்கு 69,120 பைட். ஒரு நோடிடமிருந்து ஒரு நடையில் நீங்கள் வாங்க வேண்டியது இவ்வளவு.

இப்போது சந்திப்பு நேரம். நோடைச் சுற்றி அதன் ரேடியோ எட்டும் வட்டம் ஒன்றை வரையுங்கள். உங்கள் பாதை அந்த வட்டத்தை வெட்டும் நாண் எவ்வளவு நீளமோ அதை வேகத்தால் வகுத்தால் வருவதுதான் சந்திப்பு நேரம். புளூடூத் லோ எனர்ஜி போன்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ நம்பகமாக 100 மீட்டர் எட்டுகிறது, சாலை நோடிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போகிறது என்று வையுங்கள். 100இன் வர்க்கத்திலிருந்து 60இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 80. இரு பக்கமும் சேர்த்து நாண் 160 மீட்டர். வினாடிக்கு 10 மீட்டரில் அதைக் கடக்க 16 வினாடி. இதில் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க 2 வினாடி, இணைய 1 வினாடி, வட்டத்தின் விளிம்பில் பாக்கெட்கள் உதிரும் நேரம் 3 வினாடி. மிஞ்சுவது 10 வினாடி. நிகரமாக வினாடிக்கு 10,000 பைட் என்று குறைத்து மதிப்பிட்டாலும் 7 வினாடியில் உங்கள் மாதத் தரவு முடிந்துவிடும்.

உங்கள் லோராவைப் பாருங்கள். எஸ்எஃப் 7, 125 கிலோஹெர்ட்ஸில் பெயரளவு வேகம் வினாடிக்கு சுமார் 5,470 பிட். தலைப்புச் சுமை, பதில் வரக் காத்திருப்பது எல்லாம் போக 3,000 பிட் நின்றால் நல்லது. 69,120 பைட்டுக்கு 184 வினாடி. 800 மீட்டர் எட்டினாலும் அந்த வட்டத்தைக் கடக்க உங்களுக்கு ஆவது 160 வினாடிதான். அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு: 800 மீட்டர் வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் நாலைந்து நோடுகள் விழும். அந்த 160 வினாடியை அவை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாதிதான் வருகிறது என்கிறீர்கள். அவ்வளவு வருவதே பெரிது.

ரேடியோவை மாற்றுவதுதான் சரியான வழி. மாற்ற முடியாவிட்டால் தரவைச் சுருக்குங்கள். இடைவெளி மாறாதபோது ஒவ்வொரு பதிவிலும் 4 பைட் நேர முத்திரை எதற்கு? ஃபிளாஷ் மெமரியின் 256 பைட் பக்கத்துக்கு ஒன்று போதும். வெப்பநிலை 10 நிமிடத்தில் எவ்வளவு மாறிவிடும்? முந்தைய அளவீட்டிலிருந்து உள்ள வித்தியாசத்தை ஒரே பைட்டில் எழுதலாம். அதில் அடங்காத பெரிய மாற்றம் வந்தால் மட்டும் ஓர் அடையாள பைட்டும் முழு எண்ணும். 16 பைட் 5 அல்லது 6 ஆகிவிடும்.

அடுத்து, பாக்கெட்டுக்குப் பாக்கெட் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்காக நோடைக் காத்திருக்கவைக்காதீர்கள். 32 பாக்கெட்டை வரிசையாக அனுப்பட்டும். சேகரிப்பான் 4 பைட்டில், அதாவது 32 பிட்டில், எது வந்தது எது வரவில்லை என்று ஒரே பதிலாகச் சொல்லட்டும். விட்டுப்போனதை மட்டும் நோடு மறுபடி அனுப்பும். வேகம் கூட்ட இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

கேள்வி: 19 ஆம்பியர்-மணி கொண்ட பெரிய லித்தியம் பேட்டரி போட்டும் ஐந்தே மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. சென்சார் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழிக்கிறது. சேகரிப்பான் எப்போது வரும் என்று தெரியாததால் ரேடியோவை மட்டும் கேட்கும் நிலையில் விட்டிருக்கிறோம்.

பதில்: நோயும் காரணமும் உங்கள் கடைசி வாக்கியத்திலேயே இருக்கின்றன. இன்றைய குறைமின் ரேடியோ சிப் கேட்கும்போது எடுக்கும் மின்னோட்டம் சுமார் 5 மில்லிஆம்பியர். ஒலிபரப்பும்போதும் ஏறக்குறைய அதே அளவுதான். நாளுக்கு 120 மில்லிஆம்பியர்-மணி. 19,000ஐ 120ஆல் வகுத்தால் 158 நாள். ஐந்து மாதம் கச்சிதமாக வருகிறதா?

‘சும்மா கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது, அனுப்பவில்லையே’ என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. ரேடியோவுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

முதல் வழி, விட்டு விட்டுக் கேட்பது. ஒவ்வொரு வினாடியிலும் 10 மில்லிவினாடி மட்டும் காதைத் திறக்கட்டும். சராசரி 50 மைக்ரோஆம்பியர், ஆண்டுக்கு சுமார் 440 மில்லிஆம்பியர்-மணி. ஒரு நிபந்தனை: சேகரிப்பான் தன் ‘நான் வந்திருக்கிறேன்’ பீக்கனை 4 மில்லிவினாடிக்கு ஒருமுறை விடாமல் அனுப்பிக்கொண்டே வர வேண்டும். பீக்கன் இடைவெளி 15 மில்லிவினாடி என்றால் நோடின் 10 மில்லிவினாடி ஜன்னலுக்குள் சில முறை ஒன்றுகூட விழாமல் போகும். ‘சில நாள் பிடிக்கிறது, சில நாள் பிடிக்கவில்லை’ என்ற புகார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒரு எண்தான் இருக்கிறது.

எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி: பேச்சை நோடு தொடங்கட்டும். 2 வினாடிக்கு ஒருமுறை 1 மில்லிவினாடி பீக்கன் அனுப்பி, உடனே 2 மில்லிவினாடி பதிலுக்குக் காத்திருந்து, யாரும் இல்லையென்றால் தூங்கிவிடட்டும். ரேடியோ எழும் நேரத்தையும் சேர்த்து 4 மில்லிவினாடி. சராசரி 10 மைக்ரோஆம்பியர், ஆண்டுக்கு 88 மில்லிஆம்பியர்-மணி. இடைவிடாமல் கேட்கும் வேலை சேகரிப்பான் தலையில். அது வண்டி பேட்டரியில் ஓடுகிறது, மாலையில் சார்ஜ் ஆகப்போகிறது. இந்தத் துறையில் எந்த முடிவெடுத்தாலும் இதையே அளவுகோலாக வையுங்கள்: நோடு ஏழை, சேகரிப்பான் பணக்காரன், சுமையைப் பணக்காரனிடம் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எல்லா நோடும் துல்லியமாக 2 வினாடிக்கு ஒருமுறை அனுப்பினால், ஒருமுறை மோதிய இரண்டு நோடுகள் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் 0 முதல் 10 மில்லிவினாடி வரை ஏதோவொரு தாமதத்தைச் சேருங்கள். புளூடூத் விளம்பரப் பாக்கெட்டுகளில் இது விதியாகவே இருக்கிறது. இன்னொன்று, சேகரிப்பானில் ஸ்கேன் ஜன்னலும் (ஒரு சுற்றில் கேட்கும் நேரம்) ஸ்கேன் இடைவெளியும் (ஒரு சுற்றின் முழு நேரம்) ஒரே எண்ணாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பல மென்பொருள் நூலகங்களில் ஜன்னல் இடைவெளியைவிடச் சிறியதாக வைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் நீங்கள் பாதி நேரம் செவிடாகவே ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: டிரோனை நோடுக்கு நேர் மேலே 30 மீட்டரில் நிறுத்தினால் சிக்னல் மோசமாகிறது. தள்ளிப் போனால் நன்றாகிறது. கோளாறு எதில்?

பதில்: எதிலும் கோளாறு இல்லை. நிமிர்த்தி வைத்த குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் கதிர்வீசும். தன் உச்சிக்கு நேராக அதற்குக் குருட்டுப் புள்ளி. கீழே ஒன்று நிமிர்ந்து நிற்க, மேலே டிரோனிலும் ஒன்று செங்குத்தாகத் தொங்கினால் இரண்டு குருட்டுப் புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

நேர் மேலே நிறுத்தாமல் 40, 50 மீட்டர் பக்கவாட்டில் விலகிக் கடந்து போங்கள். மேலே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் நோடில் வானத்தைப் பார்க்கும் பேட்ச் ஆன்டெனா பொருத்துங்கள். டிரோனின் கார்பன் ஃபைபர் தட்டு மின்சாரம் கடத்தும், ரேடியோ அலையை மறைக்கும். ஆன்டெனாவைத் தட்டுக்குக் கீழே குறைந்தது 3 சென்டிமீட்டர் விலக்கி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது கால் அலைநீளம். டிரோனின் ரிமோட்டும் அதே 2.4இல் இருந்தால், உங்கள் சேகரிப்பானின் காதருகே ஒருவர் இடைவிடாமல் கத்திக்கொண்டிருப்பதாகப் பொருள். இரண்டில் ஒன்றை வேறு அலைவரிசைக்கு மாற்றுங்கள்.

நின்று வாங்குவதா, பறந்தபடி வாங்குவதா என்பதும் இதோடு சேர்ந்தது. 25 நிமிடம் பறக்கும் டிரோனில் 30 சதவீதத்தைத் திரும்பிவர ஒதுக்கினால் கையில் சுமார் 17 நிமிடம். வினாடிக்கு 8 மீட்டரில் 8 கிலோமீட்டர். ஒரு நோடின் மேல் 20 வினாடி நின்றால் அதில் 160 மீட்டர் போச்சு. 25 நோடில் நின்றால் பாதிப் பயணம் போச்சு.

கேள்வி: சேகரிப்பான் ‘கிடைத்தது’ என்றவுடன் நோடு தன் மெமரியை அழித்துவிடும்படி எழுதியிருந்தோம். திரும்பும் வழியில் சேகரிப்பானின் மெமரி கார்டு கெட்டு ஒரு மாதத் தரவு போய்விட்டது. இனி எப்படிக் காப்பது?

பதில்: ஒரு மாத உழைப்பு போனது பெரிய இழப்புதான். ஆனால் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தால் இனி இது நேரவே நேராது. 64 மெகாபிட் எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பில் 8 மெகாபைட் இருக்கிறது. நாளுக்கு 2,304 பைட் என்று எழுதும் நோடுக்கு அது சுமார் 3,640 நாளைக்குப் போதும். பத்தாண்டுக்கு இடமிருக்கும்போது யாருக்காக அழிக்கிறீர்கள்?

அழிப்பதையே விட்டுவிடுங்கள். மெமரியை வளையமாக நினைத்து, மூன்று குறிகளை வையுங்கள். ஒன்று, எதுவரை எழுதியாயிற்று. இரண்டு, எதுவரை சேகரிப்பானிடம் கொடுத்தாயிற்று. மூன்று, எதுவரை சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது உறுதியாயிற்று. சேகரிப்பான் அடுத்த முறை வரும்போது ‘இன்ன வரிசை எண் வரை சர்வரில் இருக்கிறது’ என்ற செய்தியைக் கொண்டுவரும்; அப்போதுதான் மூன்றாவது குறி நகரும். வளையம் சுற்றிவந்து மேலெழுதும்போது மூன்றாவது குறியைத் தாண்டக் கூடாது. கார்டு கெட்டதா, வண்டி கவிழ்ந்ததா, அடுத்த நடையில் மூன்றாவது குறியிலிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று இருக்கிறது. இந்தக் குறிகளை எங்கே எழுதுகிறீர்கள்? ஃபிளாஷில் ஒரே 4 கிலோபைட் செக்டாரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து எழுதினால் நாளுக்கு 144 அழிப்பு. அந்தச் சிப்களுக்கு ஒரு லட்சம் அழிப்புதான் ஆயுள் என்று கொண்டால் 694 நாளில் அந்தச் செக்டார் தேய்ந்துவிடும். மற்ற இடமெல்லாம் புத்தம் புதிதாக இருக்க, குறி இருந்த இடம் மட்டும் செத்து, நோடுக்குத் தான் எங்கே எழுதினோம் என்பதே மறந்துபோகும். செக்டாரை அழிக்காமல் 16 பைட் 16 பைட்டாக அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போங்கள்; 256 முறைக்கு ஒருமுறைதான் அழிக்க வேண்டிவரும். அல்லது குறிகளுக்கென்று ஒரு சிறிய எஃப்ரேம் சிப் (எத்தனை முறை எழுதினாலும் எளிதில் தேயாத மெமரி) வையுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண்ணும், பதிவு சிதையவில்லை என்று காட்டும் 16 பிட் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சியும் கட்டாயம். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அரைகுறைப் பதிவு நிற்கும். நோடு மறுபடி எழும்போது சிஆர்சி ஒத்துப்போகும் கடைசிப் பதிவைத் தேடி அதற்கடுத்த இடத்திலிருந்து தொடரட்டும். ஒரே பதிவு சர்வருக்கு இரண்டு முறை வந்தால் பரவாயில்லை. நோடு எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒன்றை விட்டுவிடலாம். இரண்டு முறை வருவது தொல்லை, ஒருமுறையும் வராதது இழப்பு.

கேள்வி: ஒரே மழையைப் பதிவு செய்த இரண்டு நோடுகளின் நேரம் ஒன்றரை நிமிடம் வித்தியாசப்படுகிறது. ஒவ்வொரு நடையிலும் கடிகாரத்தைத் திருத்திவிட்டுத்தான் வருகிறோம்.

பதில்: திருத்துவதை நிறுத்துங்கள். நோடில் உள்ள 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகத்தின் பிழை 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்றால் நாளுக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு 52 வினாடி. ஒன்று முந்தவும் மற்றொன்று பிந்தவும் செய்தால் 100 வினாடி வரை விலகும். வெயிலும் இதில் கைவைக்கிறது: 25 டிகிரியிலிருந்து விலகும் டிகிரியின் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் எத்தனை பிபிஎம் பிந்தும் என்று வரும். பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் 13.6 பிபிஎம், நாளுக்கு 1.2 வினாடி.

நோடின் எண்ணி தன்பாட்டுக்கு வினாடிகளை எண்ணிக்கொண்டே போகட்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் ‘நோடு எண்ணி இவ்வளவு, சேகரிப்பான் நேரம் இவ்வளவு’ என்ற ஜோடியை மட்டும் சேகரிப்பான் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு நடைகளின் ஜோடிகளுக்கு இடையே நேர்கோடு போட்டால் நடுவில் உள்ள எல்லாப் பதிவுகளின் நேரமும் சரியாகிவிடும். நோடு 25,92,000 வினாடி எண்ணியபோது உண்மையில் 25,92,060 ஆகியிருந்தால், நடுவிலுள்ள பதிவுக்கு 30 வினாடி கூட்ட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கடிகாரத்தைத் திருத்தும்போது அந்தக் கோடு அறுந்துவிடுகிறது.

நோடு ரீசெட் ஆனால் எண்ணி பூஜ்யத்துக்கு வந்துவிடும். எத்தனையாவது முறை எழுந்தது என்ற எண்ணையும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிவிடுங்கள். சேகரிப்பானில் ஜிபிஎஸ் நேரத்தை எடுக்கும்போது ஒரு கவனம்: ஜிபிஎஸ்ஸின் சொந்தக் கடிகாரம் உலக நேரத்தைவிட 2017 முதல் 18 வினாடி முன்னால் ஓடுகிறது. ஜிபிஎஸ் மாட்யூல் லீப் வினாடித் தகவலை வானிலிருந்து வாங்கி முடிக்கும் முன் நேரத்தைக் கேட்டால் பிழையான நேரம் வரலாம். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே திறந்த வெளியில் அதை இயக்கிவையுங்கள்.

கேள்வி: 25 நோடுகளுக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்க எந்தக் கணக்கு முறை?

பதில்: 25 இடத்துக்குப் பெரிய ஆயுதம் தேவையில்லை. அருகிலுள்ளதை அடுத்து எடுக்கும் முறையில் ஒரு வழி போட்டு, எங்கெல்லாம் பாதை தன்னையே வெட்டிக்கொள்கிறதோ அங்கே இரண்டு கண்ணிகளை மாற்றிப் போடும் 2-ஆப்ட் செய்யுங்கள். தரை வழி என்றால் நேர்கோட்டுத் தொலைவை நம்பாமல் சாலைத் தொலைவைப் போடுங்கள்.

பெரிய மிச்சம் வேறிடத்தில். நீங்கள் நோடைத் தொட வேண்டியதில்லை, அதன் வட்டத்துக்குள் நுழைந்தால் போதும். இரண்டு மூன்று வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களைப் படத்தில் குறித்து, அந்த இடங்களையே நிறுத்தங்களாக வையுங்கள். 25 நோடு 14, 15 நிறுத்தமாகச் சுருங்கலாம். மெமரி நிரம்பும் நாளையும் பாருங்கள்: முதல் பதிலில் சொன்ன அதிர்வு நோடு நாளுக்கு 52 மெகாபைட் சேர்க்கும், 1 கிகாபைட் 19 நாளில் நிரம்பும். அதை 14 நாளுக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், மற்றவை காத்திருக்கும்.

கேள்வி: பேட்டரியை மீட்டரில் பார்த்தால் 3.6 வோல்ட் முழுதாகக் காட்டுகிறது. ஆனால் சேகரிப்பான் கூப்பிட்டதும் நோடு ரீசெட் ஆகிறது.

பதில்: லித்தியம்-தயோனில் குளோரைடு பேட்டரியாகத்தான் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் சில மைக்ரோஆம்பியர் மட்டும் கொடுத்துக்கொண்டு சும்மா கிடந்தால் அதன் லித்தியத்தின் மேல் லித்தியம் குளோரைடு படலம் படியும். பேட்டரி தானாகத் தீராமல் பல ஆண்டு காப்பது அந்தப் படலம்தான். ஆனால் திடீரென்று பெரிய மின்னோட்டம் கேட்கும்போது அதுவே தடையாகி, மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. சிப் ரீசெட் ஆகித் தூங்கிவிடுகிறது. நீங்கள் மீட்டரை வைக்கும்போது சுமை இல்லை, ஆகவே 3.6.

இணையாக ஒரு கெப்பாசிட்டர் போடுவதே தீர்வு. அளவைக் கணக்கிடுவது எளிது: மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, எவ்வளவு சரிவு தாங்குமோ அதால் வகுக்க வேண்டும். லோராவில் 120 மில்லிஆம்பியர், 0.4 வினாடி, 0.2 வோல்ட் சரிவு என்றால் 0.24 ஃபாரட். இதற்கு சூப்பர்கெப்பாசிட்டர் வேண்டும். அதில் பல ஒற்றைச் செல்கள் 2.7 வோல்ட்தான் தாங்கும். இரண்டைத் தொடராகப் போட்டுச் சமப்படுத்த வேண்டும். அதன் கசிவு மின்னோட்டம் நோடின் தூக்க மின்னோட்டத்தைவிட அதிகமாக இருந்துவிடக் கூடாது. 5 மில்லிஆம்பியர் புளூடூத் ரேடியோவில் 10 மில்லிவினாடி துடிப்புக்கு 250 மைக்ரோஃபாரட் போதும். ரேடியோவைச் சிறிதாக்கினால் இந்தத் தலைவலியும் சிறிதாகிறது.

இந்த பேட்டரியை சார்ஜ் செய்யாதீர்கள். அதன் உடலில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். இணைப்புத் தகடு வைத்தே விற்கும் வகையை வாங்குங்கள். மீதமுள்ள ஆயுளை மின்னழுத்தத்தால் ஊகிக்கவும் முடியாது, கடைசிவரை ஏறக்குறைய 3.6லேயே நிற்கும். சந்திப்பின்போது, ரேடியோ இயங்கும் கணத்தில் அளந்து, அந்த எண்ணைத் தரவோடு அனுப்புங்கள். மாதாமாதம் அது இறங்கிவருவது தெரிந்தால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது.

கேள்வி: ஆண்ட்ராய்டு போனையே சேகரிப்பானாக வைக்கலாமா?

பதில்: நடந்துபோய் வாங்கும் வேலைக்குத் தாராளமாக. மூன்று இடத்தில் தடுக்கும். இணைந்தவுடன் எம்டியு, அதாவது ஒரு தடவையில் அனுப்பக்கூடிய உச்ச அளவு, 23 பைட் என்றே இருக்கும், அதில் உங்களுக்குக் கிடைப்பது 20 பைட், 247 கேளுங்கள். ஆண்ட்ராய்டு 8.1 முதல், வடிகட்டி இல்லாத ஸ்கேன் திரை அணைந்ததும் நின்றுவிடும். உங்கள் நோடுகளின் சேவை அடையாள எண்ணை வடிகட்டியாகக் கொடுங்கள். 30 வினாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் ஸ்கேனை நிறுத்தித் தொடங்கினால் ஆண்ட்ராய்டு பேசாமல் மறுத்துவிடும், பிழைச் செய்திகூடக் கண்ணில் படாமல் போகலாம். ஒருமுறை தொடங்கி ஓடவிடுங்கள். போன் சட்டைப்பைக்குள் இருந்தால் உங்கள் உடலே 2.4 கிகாஹெர்ட்ஸைக் குடித்துவிடும், கையில் பிடித்து நடங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை 4இல் யுஎஸ்பி 3 எஸ்எஸ்டி சேர்த்துச் சேகரிப்பான் செய்தோம். மேசையில் நன்றாக இருந்தது, வண்டியில் ஏற்றியதும் எட்டும் தொலைவு பாதியாகிவிட்டது.

பதில்: யுஎஸ்பி 3 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் பரவும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. மேசையில் நோடு ஒரு மீட்டரில் இருந்ததால் தெரியவில்லை. எஸ்எஸ்டியை கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள். உங்கள் தரவுக்கு அந்த வேகமே மிகை. ஆன்டெனாவை ஒரு மீட்டர் கேபிளில் வண்டிக்கு வெளியே உயர்த்துங்கள்.

கேள்வி: சேகரிப்பான் திருடுபோனால் தரவும் போகும், தரவைப் பூட்டும் ரகசியச் சாவியும் போகுமே?

பதில்: சாவியை அதனிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நோடுக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த தனிச் சாவியால் நோடே தரவைப் பூட்டட்டும். 128 பிட் ஏஇஎஸ்-சிசிஎம் என்ற குறியாக்க முறை போதும், பல ரேடியோ சிப்களில் அதற்கான வன்பொருளே இருக்கிறது. சேகரிப்பான் பூட்டிய பெட்டியைச் சுமக்கும் கூலி மட்டும். யாரோ ஒருவர் வந்து நோடை ஏமாற்றிப் பேசவைத்து பேட்டரியைக் காலி செய்யாமலிருக்க, இணைப்புக்கென்று வேறொரு சாவி சேகரிப்பானிடம் இருக்கலாம். அது திருடுபோனால் அடுத்த நடையில் மாற்றிவிடலாம்.

சிசிஎம்மில் ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் (ஒவ்வொரு முறை பூட்டும்போதும் புதிதாகச் சேர்க்க வேண்டிய எண்) இரண்டு முறை வந்தால் பூட்டு உடைந்த மாதிரிதான். வரிசை எண்ணை மட்டும் நான்ஸாக வைத்து, ரீசெட் ஆனதும் அது 1இலிருந்து தொடங்கினால் இந்தத் தவறு நடக்கும். கடிகாரக் கேள்வியில் சொன்ன, எத்தனையாவது முறை எழுந்தது என்ற எண்ணை வரிசை எண்ணோடு சேர்த்து நான்ஸ் செய்யுங்கள். அந்த எண்ணை நோடு எழுந்தவுடன், முதல் பாக்கெட் அனுப்புவதற்கு முன்பே, ஃபிளாஷில் எழுதிவிட வேண்டும்.